கடைசியாக எப்போது பேசினார்?

லோ சுகரில் நினைவிழந்து ஐசியுவில் கிடப்பவரின் வீட்டார் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "எழுந்துடுவாரா டாக்டர்?" அதற்குப் பின்னாலேயே கொஞ்சம் கோபமும் வரும். "சுகர் இப்ப நூத்தி எண்பதுன்னு நர்ஸ் சொல்றாங்க. அதான் நார்மல் ஆயிடுச்சே, அப்புறம் ஏன் கண்ணே தொறக்கல?"

கேட்பது நியாயம்தான். ஆனால் பதில் சொல்லுமுன் நான் அவர்களைத் திருப்பிக் கேட்பேன்: கடைசியாக அவர் உங்களிடம் சரியாகப் பேசியது எத்தனை மணிக்கு? பலரும் "காலையில பார்த்தா இப்படிக் கிடந்தார்" என்பார்கள். எனக்கு வேண்டியது பார்த்த நேரம் இல்லை, பேசிய நேரம்.

கடலூரில் நான் பார்த்த இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன். ஆள் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன்.

முதலாமவர் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. புரட்டாசி சனிக்கிழமை, திருவந்திபுரம் கோயில் வரிசையில் நின்றிருக்கிறார். விரதம் என்பதால் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. சுகரைக் குறைக்கும் கிளிமெபிரைடு மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டுக்கொண்டார். வரிசையிலேயே வலது கை தொங்கிப்போய், வாய் குழறியது. பக்கவாதம் என்று பயந்து மகன் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். விரலில் குத்திப் பார்த்தால் 31. லோ சுகர் அச்சு அசலாகப் பக்கவாதம் போலவே வரும். அதனால்தான் கை கால் விழுந்து வரும் யாருக்கும் முதலில் சுகர் பார்க்கிறோம். 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி நரம்பில் ஏற்றினோம். பாட்டில் முடிவதற்குள் கண்ணை உருட்டிப் பார்த்து, "என் செருப்பு எங்கடா?" என்றார் மகனிடம். கையும் தூக்க வந்துவிட்டது.

இரண்டாமவர் தனியாக இருந்த பெரியவர். இரவு இன்சுலின் போட்டுக்கொண்டவர், வயிறு மந்தமாக இருக்கிறதென்று சாப்பிடாமல் படுத்துவிட்டார். காலை ஏழரைக்குப் பால்காரர் தட்டியும் கதவு திறக்கவில்லை. குளுக்கோமீட்டரில் எண்ணே வரவில்லை, 'லோ' என்று மட்டும் காட்டியது. பல மீட்டர்கள் 20-க்குக் கீழே போனால் இப்படித்தான் காட்டும். சர்க்கரை ஏற்றி 180 வந்தது. ஒரு மணி நேரம் கழித்தும் அசைவில்லை. சென்னையிலிருந்து வந்த மகளிடம் என் கேள்வியைக் கேட்டேன். போனை எடுத்துக் காட்டினார்: முந்தைய இரவு 9.12, அப்பாவோடு நாலு நிமிடப் பேச்சு. அதற்கும் பால்காரர் தட்டியதற்கும் இடையில் பத்து மணி நேரம். அதில் எத்தனை மணி நேரம் மூளை பட்டினி கிடந்ததோ, யாருக்குத் தெரியும்?

மூளையின் எடை உடம்பில் இரண்டு சதவீதம்தான், தின்பதோ உடம்பின் மொத்தச் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு. சேமிப்பு என்று சொல்லும்படி அதனிடம் எதுவும் இல்லை. சுகர் 70-க்குக் கீழே இறங்கினாலே குறைவு, 54-க்குக் கீழே ஆபத்து. 20-க்குக் கீழே போய் அங்கேயே கிடந்தால்தான் மூளைச் செல்கள் சாகத் தொடங்குகின்றன. அதனால் மீட்டரில் வந்த எண்ணை மட்டும் வைத்து நான் எதுவும் சொல்லமாட்டேன். 18-இல் கால் மணி நேரம் இருந்தவர் எழுந்து காபி கேட்பார். அதே 18-இல் ராத்திரி முழுக்கக் கிடந்தவரின் கதை வேறு.

வந்தபோது உடம்பு ஜில்லென்று இருந்தவர்கள் ஓரளவு தப்பிப்பதையும், காய்ச்சலோடு வந்தவர்கள் மோசமாவதையும் ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். சூடு குறைந்தால் மூளையின் தேவையும் குறைகிறது.

அடுத்தது எம்ஆர்ஐ. இங்கே நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். அந்தப் பெரியவருக்கு முதல் நாள் எடுத்த படம் கிட்டத்தட்ட சுத்தமாக இருந்தது. மகளிடம் கொஞ்சம் நம்பிக்கையாகவே பேசிவிட்டேன். மூன்றாம் நாள் படத்தில் மூளையின் மேற்பட்டை இரு பக்கமும் வெளுத்திருந்தது, ஆழத்திலுள்ள நரம்பு முடிச்சுகளும் அப்படியே. சீக்கிரம் எடுத்த படத்தை நம்பி வாக்குக் கொடுக்கக் கூடாது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வெளுப்பு உள்ளே நரம்பு இழைகள் கட்டாக ஓடும் வெள்ளைப் பகுதியில், அதுவும் ஓரிடத்தில் மட்டும் இருந்தால் பெரும்பாலும் மறைந்துவிடும், ஆளும் தேறிவிடுவார். மேற்பட்டை பரவலாகப் பாதித்தால் எனக்குக் கவலை. அப்போதும் மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈஈஜி பார்க்காமல் முடிவு சொல்வதில்லை; உடம்பு துளி அசையாமல் மூளைக்குள் மட்டும் வலிப்பு ஓடிக்கொண்டிருக்கலாம், அதற்கு மருந்து உண்டு.

பன்னிரண்டாம் நாள் அந்தப் பெரியவர் கண் திறந்தார். வார்டே சந்தோஷப்பட்டது, மகள் லட்டு வாங்கி வந்தார். அந்தக் கண் யாரையும் பின்தொடரவில்லை என்பதை அவரை உட்காரவைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. கண் திறப்பது வேறு, விழிப்பது வேறு. ஆள் போகும் பக்கம் பார்வை போகிறதா, "கையைப் பிடிங்கப்பா" என்றால் பிடிக்கிறாரா என்றுதான் ஒவ்வொரு நாளும் பார்ப்பேன். வாரக்கணக்கில் கழித்துத் தேறியவர்களும் உண்டு. அதனால் முதல் இரண்டு மூன்று நாளில் "இனி ஒன்றுமில்லை" என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். இவர் அப்படித் தேறவில்லை.

நேரம் வீணாகும் இன்னொரு இடம் குடி. கடலூருக்கும் பாண்டிக்கும் முக்கால் மணி நேரத் தூரம்தான். வெறும் வயிற்றில் குடித்தால் கல்லீரல் சர்க்கரை உண்டாக்குவதைச் சாராயம் தடுத்துவிடும். பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடப்பவரிடம் வாடை வந்தால் "போதை தெளியட்டும்" என்று விட்டுவிட்டுப் போகிறோம். வியர்த்து நனைந்திருக்கிறதா என்று சட்டையைத் தொட்டுப் பாருங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

நினைவில்லாதவர் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். விழுங்கத் தெரிந்தவருக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரை கொடுத்து, கால் மணி கழித்து மறுபடி சுகர் பாருங்கள். அகார்போஸ், வோக்லிபோஸ் என்ற சுகர் மாத்திரைகள் சாப்பிடுபவருக்குச் சாதாரணச் சர்க்கரை சீக்கிரம் ஏறாது, குளுக்கோஸ் பவுடர்தான்.

அந்த அம்மாவுக்கு வருகிறேன். சுகர் 140 வந்ததும் மகன் வீட்டுக்குக் கூட்டிப்போகக் கேட்டார். விடவில்லை, முறைத்தார். அந்த மாத்திரை ஒரு நாள் முழுக்க வேலை செய்யும். சிறுநீரகம் சரியில்லாவிட்டால் இன்னும் நீளும்; சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அவருக்கு 2.1 வரை ஏறியிருந்தது. இரவு இரண்டு மணிக்கு நர்ஸ் குத்திப் பார்த்தபோது மறுபடி 52. வீட்டிலென்றால் எல்லோரும் தூங்கும் நேரம். மாத்திரையை மாற்றி அனுப்பினேன்.

அடுத்த வருடம் புரட்டாசி பிறப்பதற்கு ஒரு வாரம் முன்பே வந்துவிட்டார். மருந்துச் சீட்டை மேஜையில் விரித்து, "சனிக்கிழமைக்கு மட்டும் இதுல எதை நிறுத்தணும், சொல்லுங்க தம்பி" என்றார். மகன் பக்கத்தில் குளுக்கோமீட்டர் பையோடு நின்றிருந்தார்.