வேகத்தை விற்றுத் தூரம் வாங்கும் படகு

பாய்மரம் இல்லாமல் எஞ்சினை மட்டும் நம்பிப் பெருங்கடலைக் கடக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் வந்து நிற்பது ‘ட்ராலர் யாட்’ வகைப் படகுகளிடம். மீன்பிடி விசைப்படகின் உடலும் அதன் மேல் ஒரு சிறு வீடும் என்று அதைச் சுருக்கமாகச் சொல்லலாம்: உருண்டு பருத்த வயிறு, உயர்ந்த அணியம் (முன்பகுதி), ஆழமான ஏரா (அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு), அகலமான புரொப்பல்லர். ஆனால் இந்தத் தோற்றத்தோடு விற்பனைக்கு வரும் படகுகளில் பல, கரையோரப் பயணத்துக்காகவே வரையப்பட்டவை. அவற்றையும் ஆழ்கடல் படகையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் வெளியே பெரிய வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் நீர்க்கோட்டுக்கு (நீர்மட்டம் படகின் உடலைத் தொடும் கோடு) கீழேயும் எஞ்சின் அறையிலும் எரிபொருள் தொட்டியிலும் இருக்கிறது. அவை மூன்றையும் தீர்மானிப்பது ஒரே ஒரு விஷயம்: எந்த வேகத்தோடு திருப்தி அடைவது.

நீரைத் தள்ளிக்கொண்டு நகரும் எந்தப் படகும் ஓர் அலையை உண்டாக்குகிறது. அணியத்தில் ஒரு முகடு, பிறகு ஒரு பள்ளம், அதற்கப்பால் அடுத்த முகடு. ஆழமான நீரில் அலையின் வேகம் அதன் நீளத்தைப் பொறுத்தது. நீளமான அலை வேகமாக ஓடும். படகு வேகம் எடுக்க எடுக்க, அதோடு சேர்ந்து ஓடும் அலையும் நீண்டுகொண்டே போகிறது. ஒரு கட்டத்தில் அலையின் நீளமும் படகின் நீர்க்கோட்டு நீளமும் சமமாகின்றன. அணியம் ஒரு முகட்டில், பின்பகுதி அடுத்த முகட்டில். இன்னும் கொஞ்சம் வேகம் எடுத்தால் இரண்டாவது முகடு பின்னால் நழுவிவிடும். பின்பகுதி பள்ளத்தில் இறங்கும். படகு தானே எழுப்பிய மேட்டில் தானே ஏற வேண்டியதாகும். அதன் பிறகு எஞ்சினைப் பெரிதாக்கினால் அலைதான் பெரிதாகும், வேகம் அல்ல.

அந்த எல்லையைக் கணக்கிடுவது எளிது. நீர்க்கோட்டு நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.43-ஆல் பெருக்கினால் நாட் (மணிக்கு ஒரு கடல் மைல், ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர்) கணக்கில் வேகம் கிடைக்கும். 9 மீட்டர் என்றால் 7.3 நாட். 12 மீட்டருக்கு 8.4. 16 மீட்டருக்கு 9.7. அலை எதிர்ப்பைத் தனியே பிரித்து அளக்கும் வழியைக் காட்டியவர் இங்கிலாந்தின் வில்லியம் ஃப்ரூட். 1870-களின் தொடக்கத்தில் டார்க்கி நகரில், பிரிட்டிஷ் கடற்படை நிர்வாகத்தின் ஆதரவோடு ஒரு நீண்ட நீர்த்தொட்டி அமைத்து, மாதிரிக் கப்பல்களை இழுத்துப் பார்த்தார். மாதிரியும் உண்மைக் கப்பலும் ஒரே மாதிரி அலை எழுப்ப வேண்டுமென்றால், இரண்டின் வேகமும் நீளத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்று நிறுவினார். இன்றும் கப்பல் வடிவமைப்பாளர்கள் அந்தப் பாதையில்தான் நடக்கிறார்கள்.

இந்த எல்லையை மீற ஒரு வழி உண்டு. அடிப்பகுதியின் பின்பாதியைத் தட்டையாக்கி, எடையைக் குறைத்து, பெரிய எஞ்சின் வைத்தால் படகு தன் அலை மேல் பாதி ஏறி ஓடும். கரையோர ட்ராலர்கள் பலவும் இப்படிப்பட்ட நடுத்தர வடிவம் கொண்டவை; 14, 15 நாட் கூடப் போகும். கடலைக் கடக்க வேண்டிய படகால் இதைச் செய்ய முடியாது. பல டன் டீசலையும் வாரக்கணக்கில் குடிக்க, சமைக்கத் தண்ணீரையும் சுமந்துகொண்டு எப்படி மேலே ஏறுவது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கானரித் தீவுகளிலிருந்து பார்படோஸ் வரை அட்லாண்டிக்கைக் கடக்க ஏறத்தாழ 2,700 கடல் மைல். 12 மீட்டர் நீர்க்கோடும் 25 டன்னுக்கு மேல் எடையும் கொண்ட ஒரு கற்பனைப் படகை எடுத்துக்கொள்வோம். 6.5 நாட் வேகத்தில் அதற்கு 32 கிலோவாட் தேவை என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோவாட்-மணிக்கு ஏறத்தாழ கால் லிட்டர் டீசல் என்ற கணக்கில் மணிக்கு 8 லிட்டர் ஆகும். பயணம் 17 நாளுக்குச் சற்று அதிகம். டீசல் 3,300 லிட்டர் சொச்சம். அதே படகை 8 நாட் வேகத்தில் ஓட்டினால்? எல்லை வேகத்தை நெருங்குவதால் தேவைப்படும் ஆற்றல் செங்குத்தாக ஏறும். இரண்டரை மடங்கு என்று வைத்தால் மணிக்கு 20 லிட்டர். பயணம் 14 நாள், டீசல் 6,750 லிட்டர். மூன்று நாள் மிச்சம் பிடிக்க இரண்டு மடங்கு எரிபொருள்! அந்த அளவுக்குத் தொட்டி இல்லாத படகுக்கு இது பணக் கேள்வியே இல்லை, கரை சேருமா சேராதா என்ற கேள்வி.

எல்லைக்கு நன்றாகக் கீழே இருக்கும்போதும், ஆற்றல் தேவை ஏறத்தாழ வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப மாறுகிறது. அதனால் ஒரு மைலுக்கான டீசல் செலவு வேகத்தின் வர்க்கத்தைப் பின்தொடர்கிறது. 7 நாட் வேகத்திலிருந்து 6-க்கு இறங்கினாலே மைலுக்குக் கால் பங்கு மிச்சம். ஆகவே ‘இந்தப் படகு எவ்வளவு தூரம் போகும்’ என்று விற்பவரிடம் கேட்பதில் பயனில்லை. எந்த வேகத்தில், எவ்வளவு கையிருப்பை ஒதுக்கிவிட்டு, ஜெனரேட்டர் ஓடும் செலவையும் சேர்த்து என்று கேட்க வேண்டும். எதிர்க்காற்றுக்கும் எதிர் நீரோட்டத்துக்கும் ஐந்தில் ஒரு பங்காவது தொடாமல் வைப்பதே விவேகம்.

வேகத்தைக் குறைத்துத் தூரத்தைக் கூட்டும் இந்த எண்ணத்தை ஒரு படகாகவே கட்டிக் காட்டியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கக் கடற்படையில் கேப்டனாக இருந்த ராபர்ட் பீபி. அவர் வரைந்த 50 அடிப் படகு ‘பாசேஜ்மேக்கர்’ சிங்கப்பூரில் கட்டப்பட்டு, 1963-இல் அங்கிருந்து கிரேக்கம் வரை போனது.

வேகத்தை விட்டுக்கொடுத்ததும் எஞ்சின் தேர்வும் மாறிவிடுகிறது. தேவை 30, 40 கிலோவாட்தான் என்றால் 300 கிலோவாட் எஞ்சின் சுமை மட்டுமல்ல, கெடுதலும்கூட. டீசல் எஞ்சினைப் பல நாள் மிகக் குறைந்த சுமையில் ஓட்டினால் அது போதிய சூட்டை எட்டாது. எரிப்பு முழுமையாக நடக்காது. கரி படியும், சிலிண்டர் சுவர் பளபளத்து எண்ணெய் பிடிக்காமல் போகும். சிறியதாக, மெதுவாக, நாள் முழுவதும் ஓடுவதற்கென்றே மதிப்பிடப்பட்ட எஞ்சின் போதும். அதன் சுழற்சியை கியர்பெட்டி மூன்றில் ஒன்றாகவோ நான்கில் ஒன்றாகவோ குறைத்துப் பெரிய புரொப்பல்லரைச் சுற்ற வேண்டும். நிறைய நீரை மெல்லத் தள்ளுவது, கொஞ்சம் நீரை வேகமாக உதைப்பதைவிடச் சிக்கனமானது. உதைத்த நீர் கொண்டுபோகும் இயக்க ஆற்றல் வீண்தானே!

ஒரு எஞ்சினா இரண்டா என்ற சண்டை ஓயப்போவதில்லை. என் சாய்வு ஒற்றைக்குத்தான். நடுவில் இருக்கும் ஒரே புரொப்பல்லரை ஏரா முன்னின்று காக்கிறது. மிதக்கும் மரக்கட்டையோ அறுந்த வலையோ நேரடியாக அதை அடைவது கடினம். இரட்டையில் இரண்டு புரொப்பல்லர்களும் பெரும்பாலும் பக்கவாட்டில் காப்பின்றி நிற்கும். தவிர, எஞ்சின் நிற்பதற்கு முக்கியக் காரணம் பெரும்பாலும் எஞ்சின் அல்ல, டீசல். அசைவற்ற துறைமுகத்தில் தொட்டியின் அடியில் தங்கியிருந்த நீரும் கசடும், டீசலுக்கும் நீருக்கும் இடையிலுள்ள படலத்தில் வளர்ந்த நுண்ணுயிர்ப் பிசுக்கும், முதல் பெரிய அலையில் கலங்கி வடிகட்டியை அடைக்கும். இரண்டு எஞ்சினும் ஒரே தொட்டியிலிருந்து குடித்தால் இரண்டும் அடுத்தடுத்து நிற்கும். தனித் தொட்டியும் தனிப் புரொப்பல்லர் தண்டும் கொண்ட ஒரு சிறு மாற்று எஞ்சின், அடைத்தால் ஓடும்போதே மாற்றக்கூடிய இரட்டை வடிகட்டிகள், சுத்தம் செய்த டீசல் மட்டும் வந்து சேரும் தினசரித் தொட்டி: இவை இருந்தால் ஒற்றை எஞ்சின் பயம் பெருமளவு தீர்ந்துவிடும்.

இனி ஆட்டம். பாய்மரப் படகைக் காற்று ஒரு பக்கம் சாய்த்து அழுத்திப் பிடித்துக்கொள்ளும். ட்ராலருக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. அலை பக்கவாட்டில் வந்தால் உருண்டுகொண்டே இருக்கும். சாய்ந்த படகை நிமிர்த்துவது எடை மையத்துக்கும் மிதப்பு மையத்துக்கும் (நீர் படகை மேலே தாங்கும் மையம்) இடையே உண்டாகும் பக்க இடைவெளி. அகலமான படகுக்கு இந்த நிமிர்த்தும் வலு தொடக்கத்தில் அதிகம். அதனால் அது வெடுக்கென்று நிமிரும், உள்ளே இருப்பவர்களைத் தூக்கியடிக்கும். வலு குறைந்த படகு மெல்ல, சுகமாக ஆடும். ஆனால் பெரிய கோணத்தில் நிமிராமலே போய்விடலாம். துறைமுகத்தில் படகை லேசாக ஆட்டிவிட்டு ஒரு முழு ஆட்டத்துக்கு எத்தனை விநாடி என்று எண்ணிப் பார்க்கும் பழைய வழக்கம் இதற்காகத்தான். அகலம் எத்தனை மீட்டரோ ஏறத்தாழ அத்தனை விநாடி என்றால் நல்லது. அதைவிட மிகவும் நீண்டால் சந்தேகப்பட வேண்டும்.

ஆட்டத்தைக் குறைக்கும் கருவிகளில், மீனின் துடுப்பு போல உடலின் இரு பக்கமும் நீருக்குள் நீட்டியிருக்கும் பக்கத் துடுப்புகள் பரவலானவை. அவை விமான இறக்கை போல நீரில் தூக்குவிசையை உண்டாக்குகின்றன. அந்த விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 14 நாட் படகுக்குப் போதுமான துடுப்பு 7 நாட் வேகத்தில் கால் பங்கு விசைதான் தரும். எனவே மெதுவான படகுக்குத் துடுப்பு பெரிதாக இருக்க வேண்டும். மற்றொன்று அமெரிக்கப் பசிபிக் கரை மீனவர்களிடமிருந்து வந்த முறை: இரு பக்கமும் நீண்ட கம்பங்களை விரித்து, அவற்றின் நுனியிலிருந்து நீருக்கடியில் உலோகப் பலகைகளைத் தொங்கவிடுவது. மேலே இழுபடும் பக்கத்துப் பலகை நீரை எதிர்த்து ஆட்டத்தை அடக்கும். வேகத்தில் கொஞ்சம் போகும், கையாள்வது தொல்லை. ஆனால் மின்சாரமோ ஹைட்ராலிக் குழாயோ வேண்டாம். கரையிலிருந்து ஆயிரம் மைல் தள்ளி, துடுப்பின் பம்பு செத்துப்போன இரவில் அதன் அருமை தெரியும்.

படகு வாங்குபவர்கள் பின்னாலிருந்து துரத்தும் அலையைப் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை. 8 விநாடிக்கு ஒன்றாக வரும் பெருங்கடல் அலை 24 நாட் வேகத்தில் ஓடுகிறது. 7 நாட் படகை அது எப்போதும் முந்திக்கொண்டே இருக்கும். அலையில் நீர் வட்டமாகச் சுழல்கிறது. முகட்டில் அது அலை போகும் திசையிலேயே நகரும். 3 மீட்டர் உயர அலையில் அந்த நகர்வு 2 நாட்டுக்கும் மேல். படகின் பின்பகுதி முகட்டில் இருக்கும் நேரத்தில் சுக்கானைத் தாண்டிப் போகும் நீரின் வேகம் ஏழிலிருந்து ஐந்துக்கும் கீழே இறங்கிவிடும். சுக்கானின் விசை பாதிக்கும் குறைவாகும். அதே நேரத்தில் அகலமான தட்டைப் பின்பகுதியை அலை தூக்கித் திருப்பப் பார்க்கும். வட்டமான அல்லது குறுகலான பின்பகுதியும், துறைமுகத்தில் பார்த்தால் அளவுக்கு மீறியதாகத் தோன்றும் சுக்கானும் இங்கேதான் உயிர் காக்கின்றன.

ஜன்னல்களைப் பற்றி ஒரே ஒரு கணக்கு. விநாடிக்கு 30 மீட்டர் வேகப் புயற்காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 55 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். விநாடிக்கு வெறும் 10 மீட்டர் வேகத்தில் மோதும் நீர், 5 டன்! காட்சிக்காக வைத்த பெரிய கண்ணாடிகள் படகின் பக்கவாட்டில் இருந்தால், அவற்றின் மேல் மாட்ட உறுதியான தடுப்புப் பலகைகளும் படகில் இருக்க வேண்டும்.

ஐரோப்பியச் சான்றிதழில் ‘ஏ’ பிரிவு என்று போட்டிருந்தால், பியூஃபோர்ட் என்ற காற்று வலு அளவுகோலில் 8-ஐத் தாண்டும் காற்றுக்கும் 4 மீட்டரைத் தாண்டும் அலைக்கும் வடிவமைக்கப்பட்டது என்று பொருள். புயல், சூறாவளி போன்ற அசாதாரண நிலைகள் அதில் சேராது. நல்ல சான்று. ஆனால் எவ்வளவு தூரம் போகும், வடிகட்டி எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அதில் இல்லை. எவ்வளவு சாய்ந்தால் எவ்வளவு வலுவோடு நிமிரும் என்று காட்டும் நிலைத்தன்மை வரைபடத்தைக் கேட்டு வாங்கும்போது, தொட்டிகள் நிறைந்த நிலைக்கும் ஏறத்தாழ வற்றிய நிலைக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். டீசல் பெரும்பாலும் படகின் அடியில் இருக்கிறது. மூன்று நான்கு டன் எரிந்து தீர்ந்ததும் எடை மையம் மேலே ஏறும். பாதி நிறைந்த தொட்டியில் டீசல் சாயும் பக்கம் ஓடி, நிமிர்த்தும் வலுவை இன்னும் குறைக்கும். இதனால்தான் மேல்தளத்துக்கு மேல் இன்னொரு தளமும், அதன் மேல் கிரேனும் சிறுபடகும் ஏற்றிய ட்ராலர்களைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. அந்தச் சுமை புறப்படும் நாளில் தெரியாது, பதினைந்தாம் நாள் தெரியும்.

கடைசியாக, சோதனை ஓட்டத்தின்போது வரவேற்பறையில் உட்காராமல் எஞ்சின் அறைக்குள் இறங்கிப் போவது நல்லது. எஞ்சினின் இரு பக்கமும் போக முடிகிறதா, படகு ஆடும்போது பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா, வடிகட்டியை ஒரு கையால் மாற்ற முடிகிறதா, சுக்கான் எந்திரம் பழுதானால் கையால் திருப்பும் தடி எங்கே மாட்டும் என்பதையெல்லாம் அங்கே நின்றுதான் பார்க்க வேண்டும்.