மழைக்கு முந்திப் போட வேண்டிய ஊசி

மார்கழி மழை இரண்டு நாள் விடாமல் கொட்டினால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை மாட்டுக்காரரிடமிருந்து எனக்கு அழைப்பு வரும். "நேத்து நல்லாத்தானே மேய்ஞ்சது, டொக்டர். இப்ப தொண்டை வீங்கிக் கிடக்கு. பாம்பு கடிச்சிருக்குமோ?" சிலர் அதற்குள் விஷகடி வைத்தியரையும் கூட்டி வந்திருப்பார்கள்.

பாம்பில்லை. இது தொண்டை அடைப்பான் நோய். அதைக் கொண்டுவருவது பாஸ்ச்சுரெல்லா மல்டோசிடா என்ற பற்றீரியா. வெள்ளத்தோடு புதிதாக வந்ததும் இல்லை. நன்றாக நடமாடும் மாடுகள் சிலவற்றின் மூக்கிலும் தொண்டையிலும் அது முன்பே குடியிருக்கிறது. மாடு தெம்பாக இருக்கும்வரை அடங்கிக் கிடக்கும். விடிய விடிய நனைந்து, தீனியில்லாமல், எஞ்சிய மேட்டுநிலத்தில் நாலு பட்டி மாடும் நெருக்கியடித்து நிற்கும்போது பெருகத் தொடங்கும். மூச்சிலும் எச்சில் கலந்த தண்ணீரிலும் அடுத்த மாட்டுக்குப் போகும்.

இந்தக் கிருமியைச் சுற்றி வழுவழுப்பான ஓர் உறை உண்டு. கிருமிகளை விழுங்கும் வெள்ளை அணுக்களிடம் அது லேசில் அகப்படாது. இரத்தத்துக்குள் பெருகிக்கொண்டே போகும். அதன் சுவரிலுள்ள நஞ்சு இரத்தக்குழாய்களைக் கசிய வைக்கும். அந்தக் கசிவுதான் தொண்டையிலும் நெஞ்சிலும் நீங்கள் பார்க்கும் வீக்கம். காய்ச்சல் 41, 42 பாகை செல்சியஸ் வரை ஏறும், எச்சில் ஒழுகும், மூச்சு கரகரக்கும். எருமையென்றால் பல நேரம் 24 மணித்தியாலம்கூடத் தாங்காது. கன்றும், இன்னும் ஈனாத நாகும்தான் அதிகம் சாகும்.

வீங்கிய பிறகு நான் காப்பாற்றிய எருமைகளை விரல்விட்டு எண்ணலாம். மருந்து கிருமியைக் கொல்லும். அதற்குள் இரத்தத்தில் கலந்துவிட்ட நஞ்சை என்ன செய்யும்? அதனால் படுத்த மாட்டைச் சுற்றியே நிற்காமல் மற்றவற்றுக்குக் காய்ச்சல் பார்க்கச் சொல்வேன். வெறும் காய்ச்சலோடு நிற்கும் மாட்டுக்கு மருந்து வேலை செய்யும். (மருந்து போட்ட எருமையின் பாலை, டொக்டர் சொல்லும் நாள்வரை தயிர்ச்சட்டியில் ஊற்ற வேண்டாம். சரியாக உறையாது. நோய்க்கிருமி, தயிர்க்கிருமி என்ற பேதமெல்லாம் அந்த மருந்துக்குத் தெரியாது.)

தடுப்பூசி உடம்பில் பிடிக்க இரண்டு மூன்று வாரம் எடுக்கும். ஆகவே ஆவணி, புரட்டாசிக்குள் போட்டுவிட வேண்டும். மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைப் பக்கம் அலைகிற மாட்டைப் பிடித்துக் கட்டுவது எவ்வளவு பாடு என்று எனக்கும் தெரியும். ஊசி போட்டால் பால் குறையும் என்று நீங்கள் சொல்வதும் சரிதான், ஒரு நாள் இரண்டு நாள் குறையலாம்.

அப்புறம், செத்ததை வாய்க்காலில் இழுத்து விடாதீர்கள், ஆழமாகப் புதையுங்கள். கீழே அந்தத் தண்ணீரைக் குடிப்பது உங்கள் மச்சானின் பட்டியாக இருக்கும்.