பத்தொன்பது வயது மூளையும் கடல் அட்டை மூட்டையும்

மண்டபம் முதல் தொண்டி வரையிலான கரையில், பிடிக்கவும் விற்கவும் தடையுள்ள கடல்வாழ் உயிரினமான கடல் அட்டையை வேகவைத்துக் காயவைத்துக் கட்டிய மூட்டைகள் பிடிபடும் செய்தி அடிக்கடி வருகிறது. மூட்டையைத் தூக்கி வந்தவருக்கு 19 வயது என்று வைத்துக்கொள்வோம். பதினேழரை வயதாக இருந்திருந்தால் அவர் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தப்பட்டிருப்பார்; அங்கே மிஞ்சிப்போனால் 3 ஆண்டுகள் சிறப்பு இல்லம். 19 என்பதால் வழக்கமான நீதிமன்றம், குறைந்தபட்சத் தண்டனையே 3 ஆண்டுச் சிறை. இடைப்பட்ட ஒன்றரை ஆண்டில் அவருடைய மூளையில் அவ்வளவு பெரிய மாற்றம் நடந்துவிடுகிறதா?

நிதானமாக உட்கார்ந்து நன்மை தீமையை எடைபோடும் திறன் ஏறக்குறைய 16 வயதிலேயே பெரியவர்களுக்கு நிகராகிவிடுகிறது. ஆகவே, கடல் அட்டை கடத்துவது குற்றம் என்பது அந்த இளைஞருக்குத் தெரியாமலில்லை. ஆனால் பரபரப்பும் ஆசையும் நண்பர்களின் பார்வையும் சேரும் நொடியில் தன்னை அடக்கிக்கொள்ளும் திறன் வேறு. அதில் பெரும்பங்கு வகிப்பது நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் புறணி. அங்கே தேவையற்ற நரம்பிணைப்புகள் கழிவதும், எஞ்சியவற்றின்மீது மயலின் என்னும் கொழுப்பு உறை படர்ந்து செய்தி விரைவாகச் செல்வதும் இருபதுகளின் நடுப்பகுதி வரை தொடர்கின்றன. வெகுமதியைத் தேடும் பகுதிகளோ பதின்பருவத்திலேயே முழு வேகத்தில் இயங்கத் தொடங்கிவிடுகின்றன.

2005-இல் கார்ட்னர், ஸ்டெய்ன்பெர்க் ஆகிய அமெரிக்க உளவியலாளர்கள் 306 பேரைக் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றை ஆட வைத்தார்கள். சாலை விளக்கு மஞ்சளாக மாறும். அதன்பின் எந்த நொடியிலும் எதிரே சுவர் ஒன்று முளைக்கலாம். கூடுதல் தூரம் ஓட்டினால் கூடுதல் புள்ளி, மோதினால் எல்லாம் போயிற்று. நண்பர்கள் அருகில் இருந்தபோது பதின்வயதினர் மிகத் துணிந்து ஓட்டினார்கள். 18 முதல் 22 வயது வரையிலானவர்களிடமும் அந்தத் துள்ளல் தென்பட்டது. 24-ஐத் தாண்டியவர்களிடம் பெரிய மாற்றமில்லை. நான்கு பேராக இரவில் வத்தை என்னும் சிறு படகை இறக்குகிறவர்களின் நிலையை இதிலிருந்து ஓரளவு ஊகிக்கலாம்.

இவையெல்லாம் சராசரிகள்தான். மூளைப் படத்தைக் காட்டி, இந்த ஒருவர் இந்த இரவில் ஏன் இதைச் செய்தார் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் இளமையில் தவறிழைப்பவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் தாமாகவே அதை விட்டுவிடுகிறார்கள் என்பது பல நாடுகளில் உறுதிப்பட்ட உண்மை. நெதர்லாந்து 2014 முதல் 23 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் இளையோர் சட்டத்தைப் பயன்படுத்த நீதிபதிக்கு இடமளித்திருக்கிறது.

நம் சட்டமும் இதை அறியாததன்று. குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை நிபந்தனையில் விட வழிசெய்யும் 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம், 21 வயதுக்குக் குறைந்தவரை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றமாக இல்லாதபோது, நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைப் பெறாமலும் காரணத்தை எழுதாமலும் சிறைக்கு அனுப்பக் கூடாது என்கிறது. மூளைப் படம் எடுக்கும் கருவி வருவதற்கு முன்பே எழுதிய பிரிவு அது!

சிக்கல் இங்கேதான். கடல் அட்டை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கும் அதே வரிசையில் இருக்கிறது. தேசியப் பூங்காவில் வேட்டையாடினாலோ, அந்த அட்டவணை விலங்கின் பொருள்களை வணிகம் செய்தாலோ, 18 வயது நிறைந்தவருக்கு நன்னடத்தைச் சட்டம் பொருந்தாது என்று வனவிலங்குச் சட்டத்தின் 51-ஆம் பிரிவு சொல்கிறது. போதைப்பொருள் சட்டத்தின் 33-ஆம் பிரிவும், சில சிறு விலக்குகள் நீங்கலாக, அப்படியே. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருவதால், இந்தக் கரை இளைஞர்கள் சிக்கக்கூடிய வழக்குகளிலேயே 1958-இன் சலுகை மூடிக்கிடக்கிறது.

கடல் அட்டையைக் காக்க வேண்டாம் என்பதல்ல என் வாதம். அவ்விரு பிரிவுகளிலும் 18 என்பதை 21 ஆக்கினால் யாரும் தானாக விடுதலையாகிவிட மாட்டார்கள்; அறிக்கையைப் படித்துவிட்டு நீதிபதி சிறைக்கும் அனுப்பலாம். மூட்டைக்குப் பணம் போட்டவர் யார், தூக்கக் கூப்பிட்டவர் யார், இளைஞருக்குக் கிடைத்த கூலி எவ்வளவு, இதற்குமுன் வழக்கு உண்டா என்பவை தண்டனைக்கு முன்பே அலுவலரின் அறிக்கை வழியாக நீதிபதியின் மேசைக்கு வந்துசேரும்.