ஒரே ஒரு சுற்று கூடினால் என்ன?

வீட்டில் ஹாம் ரேடியோ (ஆர்வலர்கள் பொழுதுபோக்காகப் பேசிக்கொள்ளும் ரேடியோ) கிட் பொருத்திக்கொண்டிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சிவப்பு வளையத்தில் கம்பியை 16 சுற்று சுற்றச் சொல்லியிருக்கிறது. எண்ணித்தான் சுற்றினேன், ஆனால் 17 ஆகிவிட்டது. ஒன்றுதானே, விட்டுவிடலாமா?"

விடக் கூடாது. காரணம் ரொம்ப அழகானது.

மற்ற வேலைகள் தெரிந்தவைதான். ரெசிஸ்டர்களை மல்டிமீட்டரில் அளந்த பிறகே போர்டில் செருகுங்கள். டயோடின் கோடும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் துருவமும் மாறக் கூடாது. பாகத்தின் காலையும் போர்டின் செம்பையும் சேர்த்துச் சூடாக்கி, அப்புறம் சால்டரை (உருகிப் பற்றவைக்கும் உலோகக் கம்பியை) தொடவையுங்கள். சரி, வளையத்துக்கு வருவோம்.

இந்தக் கிட்களில் அடிக்கடி வரும் சிவப்பு வளையமான டி50-2 அரை அங்குல விட்டமுள்ளது; இரும்புத் துகளை அழுத்திச் செய்தது. மின்னோட்டம் மாறுவதைக் கம்பிச்சுருள் எவ்வளவு எதிர்க்கிறது என்பதைத் தூண்டல் என்கிறோம்; அதன் அலகு ஹென்றி. இதில் ஒரு சுற்றின் தூண்டல் ஏறக்குறைய 4.9 நானோஹென்றி. அப்படியானால் 16 சுற்றுக்கு அதைப் போல 16 மடங்கா? இல்லை, 256 மடங்கு!

ஒவ்வொரு சுற்றும் வளையத்துக்குள் தன் பங்குக்குக் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. 16 சுற்றும் சேர்ந்தால் புலம் 16 மடங்காகிறது. அந்த மொத்தப் புலமும் வளையத்துக்குள்ளேயே ஓடுவதால் 16 சுற்றுக்குள்ளும் புகுந்து போகிறது. மின்னோட்டம் மாறும்போது அந்த 16 சுற்றுமே எதிர்க்கின்றன. புலமும் 16 மடங்கு, எதிர்ப்பவையும் 16. ஆக 16 × 16.

கணக்குப் போட்டால் 1.25 மைக்ரோஹென்றி வரும். 400 பிகோஃபாரட் கெபாசிட்டரோடு சேர்ந்தால் இது 7.1 மெகாஹெர்ட்ஸில் ஒத்திசையும், அதாவது அந்த அதிர்வெண்ணைத்தான் நன்றாகப் பிடிக்கும். 17 சுற்றானால் 1.42 மைக்ரோஹென்றி, ஒத்திசைவு 6.7 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். ஹாம்கள் பேசும் 40 மீட்டர் அலைவரிசையோ 7.0 மெகாஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. நீங்கள் கேட்க வேண்டிய குரல்கள் எல்லாம் அதற்கு மேலே இருக்கின்றன.

எண்ணித்தானே சுற்றினார், எங்கே தவறியது? வளையத்தின் வெளிப்பக்கத்தில் எண்ணியிருப்பார். சுற்றுகளைத் துளைக்குள்தான் எண்ண வேண்டும். மின்சுற்று எப்படியும் வெளியே எங்கோ போய் மூடிக்கொள்கிறது. அதனால் கம்பியை வளைக்காமல் நேராகத் துளைக்குள் ஒருமுறை நுழைத்தாலே அது ஒரு சுற்று. வெளியே 16 வளைவு தெரிந்தால் உள்ளே 17 கம்பி இருக்கும்.

கம்பிச்சுருள் சுற்றக் கைராசி வேண்டும் என்று அனுபவசாலிகளே சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்தப் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. புதிதாக வருகிறவர் தன் கையில் ராசி இல்லை என்று ஒதுங்கிவிடுகிறார். அவருக்குத் தேவைப்பட்டது துளைக்குள் எண்ணச் சொல்லும் ஒரு வரி.

1831-இல் மைக்கேல் ஃபாரடே தன் இரும்பு வளையத்தில் கம்பி சுற்றியபோது, சுற்றுகள் ஒன்றையொன்று தொடாமலிருக்கத் துணியும் நூலும் வைத்தார். நம் கம்பிக்கு எனாமல் பூச்சே போதும். ஆனால் நுனிகளில் அதைச் செம்பு பளபளக்கும் வரை சுரண்டிவிட்டுச் சால்டர் செய்யுங்கள். இல்லையென்றால் பார்வைக்குச் சால்டர் ஒட்டியது போலிருக்கும், மின்சாரம் போகாது.

வாசகர் ஒரு சுற்றைக் கழற்றிவிட்டு மீதியை வளையத்தில் சீராகப் பரப்பட்டும். சுற்றுகளை நெருக்கினால் தூண்டல் கொஞ்சம் கூடும், விரித்தால் குறையும். ரேடியோவில் ஒரு நிலையத்தை வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் குச்சியால் மெல்ல நகர்த்திப் பாருங்கள். ஓசை உச்சத்துக்கு வரும் இடத்தில் நிறுத்திவிடலாம்.