எலக்ட்ரிக் கிட்டாரில் அக்கூஸ்டிக் ஒலி: பெடல் வாங்குவதற்கு முன்

சேலத்துக் கல்யாண மண்டபங்களிலும் ஆடித் திருவிழா மேடைகளிலும் வாசிப்பவர்களில் பலர் அக்கூஸ்டிக் கிட்டாரை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். நியாயம்தான். பக்கத்தில் ட்ரம்ஸும் மானிட்டரும் இருந்தால் அதன் கூடு சேர்ந்து அதிர்ந்து ஊளையிடும். ஏற்காட்டு ஈரக்காற்றில் மேல்பலகை உப்பி, கம்பி மேலே ஏறிவிடும். அதனால் எலக்ட்ரிக்கோடு, அதை அக்கூஸ்டிக் போல ஒலிக்கவைக்கும் ஒரு சிமுலேட்டர் பெடலை வாங்கிக் கிட்டார் ஆம்பில் சொருகுகிறார்கள். காரியம் கெடுவது அங்கேதான்.

கிட்டார் ஆம்பின் 12 அங்குல ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சட்டென்று படுத்துவிடும். பிக் (மீட்டும் வில்லை) கம்பியில் உரசும் அந்தச் 'சரக்' சத்தத்தில் பெரும்பகுதி அதற்கு மேல்தான். எனவே பெடலிலிருந்து டிஐ பாக்ஸ் (கிட்டார் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி), அங்கிருந்து நேராக மிக்ஸர். பல எஃபெக்ட் சேர்ந்த மல்டி எஃபெக்ட் பெடல் என்றால், கிட்டார் ஸ்பீக்கர் பெட்டியைப் போலச் செய்யும் கேபினெட் சிமுலேஷனை அணைத்துவிடுங்கள்.

கம்பிக்கு வருவோம். அக்கூஸ்டிக் வெண்கலக் கம்பியை எலக்ட்ரிக்கில் மாட்டுவது வீண் செலவு. காந்தப் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் காந்தச் சுருள்) கம்பியின் உள்ளே இருக்கும் எஃகை மட்டுமே உணரும். வெண்கலச் சுற்றைக் கண்டுகொள்ளாது. சுற்றுக்கம்பிகள் அமுங்கி, மேலிரண்டு மட்டும் கத்தும். 11 அளவு (மிக மெல்லிய கம்பி 0.011 அங்குலம்) நிக்கல் செட், மூன்றாவது கம்பியும் சுற்றியதாக வாங்குங்கள். நட் (கழுத்து முனையில் கம்பிகள் உட்காரும் பட்டை) பள்ளத்தைக் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டியிருக்கும். பிக்கப்பை ஓரிரு மில்லிமீட்டர் கீழே இறக்கினால் காந்த இழுப்பு குறைந்து ஒலி திறக்கும். மூன்று சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் உள்ள கிட்டாரில் நெக் (கழுத்துப் பக்கம்) பிக்கப்பும் நடுப் பிக்கப்பும் சேர்ந்த நிலை நல்லது. நடுப் பிக்கப் எதிர்ச்சுற்றாக இருந்தால் இரைச்சலும் அடங்கும். நீளக் கேபிள் மேல்சுரத்தைத் தின்னும், 3 மீட்டர் போதும்.

இதற்குப் பிறகும் இல்லாதது கூடு. அக்கூஸ்டிக்கின் உட்காற்று 100 ஹெர்ட்ஸ் அருகிலும், மேல்பலகை 200 ஹெர்ட்ஸ் அருகிலும் ஒலிக்கும். அதைத் தருவது ஐஆர் (இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்) கோப்பு, அதாவது அசல் அக்கூஸ்டிக்கின் ஒலித்தன்மையைப் பிடித்துவைத்த கோப்பு. கிடைக்கிற ஐஆர்களில் பல, பிரிட்ஜில் கம்பியின் அழுத்தத்தை உணரும் பியெசோ பிக்கப்புக்காக எடுக்கப்பட்டவை. காந்தப் பிக்கப்பில் போட்டால் டப்பாவுக்குள் பேசுவதுபோல் இருக்கும். காந்தப் பிக்கப்புக்கென்றே எடுத்ததைத் தேடி, நேரடி ஒலியோடு பாதிக்குப் பாதி கலந்து தொடங்குங்கள். மிக்ஸரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, பிக்கப்பின் மூக்கடைப்பு தெரியும் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸில் 4 டெசிபல் குறைப்பு, 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் லேசான ஏற்றம். ரிவெர்ப் சின்ன அறை அளவு. பணம் இருந்தால் பியெசோ பிரிட்ஜே மேல், ஆனால் ப்ரீஆம்ப் (முன்பெருக்கி) இல்லாமல் மாட்டினால் தகரம் தட்டினமாதிரி இருக்கும்.

கையும் மாற வேண்டும். 0.6 மில்லிமீட்டர் பிக், கேப்போ (கழுத்தில் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு ஓப்பன் கார்டு. எலக்ட்ரிக் கம்பி அடங்க நேரமாகும். உள்ளங்கையால் முன்னதாகவே அணைத்துவிடுங்கள். கம்பி வளைப்பு ஒன்றே குட்டை உடைத்துவிடும்.

கடைசியாக 'ம்ம்ம்' இரைச்சல். ஜெனரேட்டர் மேடைகளில் இதைப் போக்க மூணு பின் பிளக்கின் எர்த் பின்னை ஒடித்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஆம்பில் கசிவு வந்தால் அது கம்பிக்கு வரும். கை கம்பியில், உதடு மைக்கில் என்றால் மின்சாரம் ஆள்வழியே பாயும். டிஐ பாக்ஸில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் (சிக்னல் கேபிளின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிப்பது) இதற்காகவே இருக்கிறது. அதிலும் போகாவிட்டால் பெடல், ஆம்ப், மிக்ஸர் மூன்றுக்கும் ஒரே போர்டிலிருந்து கரண்ட் எடுத்து, சீரியல் லைட்டை வேறு லைனுக்கு மாற்றச் சொல்லுங்கள்.