அடங்காத அழுகையும் ஓய்வில்லாத பெற்றோரும்

இரண்டு வயதுக் குழந்தை தரையில் புரண்டு அழுகிறது. "அழாதே" என்று எத்தனை தரம் சொன்னாலும் காதில் ஏறவில்லை. பிடிவாதம் என்கிறோம். உண்மையில், கோபத்துக்குக் கடிவாளம் போடும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர ஏறக்குறைய 25 வயது ஆகிறது. அபாயம் என்று உடம்பை உசுப்பிவிடும் அமிக்டலா என்ற மூளைப்பகுதியோ கைக்குழந்தையிலேயே வேலையைத் தொடங்கிவிடுகிறது. அதனால் சின்ன வயதில் நிதானம் என்பது பெரியவரிடம் வாங்கும் இரவல்தான்: தணிந்த குரல், முகம், அணைக்கும் கை.

இரவல் கொடுப்பவரிடமே இல்லாவிட்டால்? 1970களில் உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் ஒரு சோதனை செய்தார். குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருந்த தாய், சில நிமிடம் எந்த உணர்ச்சியும் காட்டாமல் வெறுமனே பார்க்க வேண்டும். குழந்தை சிரித்துப் பார்க்கும், கை நீட்டும், சத்தமிடும். பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அழும். மனச்சோர்வு நோயும் முகத்தையும் குரலையும் இப்படித்தான் உறைய வைக்கிறது. அன்பு குறைந்ததால் அல்ல.

வீட்டில் சிக்கல் முற்றும் விதத்தை உளவியலாளர் ஜெரால்ட் பாட்டர்சன் விளக்கினார். குழந்தை போன் கேட்கிறது. "கிடையாது" என்கிறீர்கள். வீறிடுகிறது. தூக்கம் கெட்ட உடம்பு, தாங்க முடியாமல் கொடுத்துவிடுகிறீர்கள். சட்டென்று அமைதி. கத்தினால் கிடைக்கும் என்று குழந்தை கற்றது; கொடுத்தால் நிற்கும் என்று நீங்கள் கற்றீர்கள். நான்கு முறை மறுத்து ஐந்தாம் முறை கொடுப்பது இன்னும் மோசம். எப்போதாவது பலிக்கும் பழக்கம்தான் லேசில் விடாது.

இதை மாற்றத் தொடங்கியதும் அழுகை முதலில் கூடும், பிறகே குறையும். பலர் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள். ஆகவே ஓரளவு தூங்கி எழுந்த நாளாகப் பார்த்து, ஒரே ஒரு விதியோடு ஆரம்பியுங்கள்.

அழுகையின் நடுவே முதலில் உங்கள் மூச்சு. நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு அல்லது எட்டு எண்ணும்வரை விடுங்கள். ஐந்து முறை போதும். நீண்ட வெளிமூச்சு, மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வழியே இதயத் துடிப்பைத் தணிக்கிறது. பிறகு குழந்தையின் உயரத்துக்கு உட்கார்ந்து, "போன் வேணும்னு கோபமா இருக்கு. இப்ப கிடையாது. நான் இங்கேயே இருக்கேன்" என்று சொல்லுங்கள். விளக்கமெல்லாம் அழுகை ஓய்ந்த பின். கை ஓங்கும் அளவுக்கு ஆத்திரம் வந்தால், குழந்தையைப் பத்திரமான இடத்தில் விட்டுச் சில நிமிடம் விலகி நில்லுங்கள். கைக்குழந்தையை ஒருபோதும் உலுக்காதீர்கள்; மூளையில் ரத்தம் கசியலாம்.

கத்திவிட்டீர்களா? "அம்மா கத்திட்டேன். நீ பயந்துட்ட. அது உன் தப்பில்ல" என்று நீங்களே போய்ச் சொல்லுங்கள். ஒருபோதும் உரசல் வராத வீடு இல்லை. உரசியபின் சேர்வதைத்தான் குழந்தை பார்த்துக் கற்கிறது.

மூச்சுப் பயிற்சி மனச்சோர்வுக்குச் சிகிச்சை அல்ல. இரண்டு வாரமாக மனம் கனத்தே கிடந்தால், குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வராவிட்டால், மருத்துவரைப் பாருங்கள். அப்பாக்களுக்கும் இது வரும். பிள்ளை பெற்றபின் வரும் மனச்சோர்வின் அறிகுறிகளைக் கேட்டறிய 1987இல் வந்த எடின்பரோ அளவுகோலில் கடந்த 7 நாட்களைப் பற்றி 10 கேள்விகள். அதன் மதிப்பெண் நோயை உறுதிசெய்யாது, பரிசோதனை தேவையா என்று காட்டும். தன்னையோ குழந்தையையோ காயப்படுத்தும் எண்ணம் வந்தால் அன்றைக்கே உதவி தேடுங்கள். குழந்தையின் அடம் பற்றி மருத்துவரிடம் பேசப் போகிறவர்கள், தாங்கள் இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறோம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.