பைலோமேட்ரிக்சோமா என்றால் மயிர்மூலக் கட்டி

குழந்தையின் புருவத்திலோ மேலிமையிலோ ஒரு சின்ன உருண்டை. தொட்டால் கெட்டியாக இருக்கும், பெரும்பாலும் வலிக்காது, மேல்தோல் சில சமயம் லேசாக நீலம் பாய்ந்திருக்கும். அறுத்தெடுத்துச் சோதித்தபின் அறிக்கையில் 'பைலோமேட்ரிக்சோமா' என்று வந்தால், கடைசியில் இருக்கும் 'ஓமா'வைப் பார்த்ததுமே புற்றுநோய் என்று பெற்றோர் நடுங்கிவிடுகிறார்கள். பயப்பட வேண்டாம், இது தீங்கற்ற கட்டி.

லத்தீனில் 'பைலஸ்' என்றால் மயிர். 'மேட்ரிக்ஸ்' என்பது தாய் என்ற சொல்லின் வழி வந்தது, கருப்பை, பிறப்பிடம் என்று பொருள்; இங்கே மயிர்க்காலின் அடியில் முடியை உண்டாக்கும் செல்களைக் குறிக்கிறது. 'ஓமா' கிரேக்க விகுதி, மருத்துவத்தில் கட்டி என்று மட்டுமே கொள்ள வேண்டும், லைப்போமா என்கிற சாதாரணக் கொழுப்புக் கட்டிக்கும் அதே விகுதிதானே.

1880-இல் மலெர்ப், ஷெனான்டே என்ற இருவர் இது எண்ணெய்ச் சுரப்பியில் தோன்றுவதாக எண்ணி, சுண்ணாம்பு படியும் கட்டி என்ற பொருளில் பெயரிட்டார்கள். 1961-இல் ஃபோர்பிஸ், ஹெல்விக் என்ற இரு மருத்துவர்கள் மயிர்மூலச் செல்களே காரணம் என்று சொல்லி இன்றைய பெயரை வைத்தார்கள். 'பைலோமேட்ரிகோமா' என்று எழுதியிருந்தாலும் இதேதான்.

தமிழில் 'மயிர்மூலக் கட்டி' என்பதே பொருத்தம். 'சுண்ணக்கட்டி' என்றால் கட்டி எங்கிருந்து வந்தது என்பது தெரியாது, எல்லாவற்றிலும் சுண்ணாம்பு படிவதும் இல்லை. மயிர் என்று சொல்லக் கூசுபவர்கள் முடிமூலக் கட்டி எனலாம், ஆனால் மயிர்க்கால் என்று எல்லோரும் சாதாரணமாகச் சொல்கிறோமே!

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? தோலை இழுத்துப் பிடித்தால் கட்டி கூடாரம் போல மேடும் முனையுமாகத் தெரியும், ஒரு ஓரத்தை அழுத்தினால் மறு ஓரம் எழும்பும். இருந்தும் டெர்மாய்ட் (பிறவியிலேயே தோலடியில் உருவாகும் உறைக்கட்டி) என்றோ, இமையில் எண்ணெய்ச் சுரப்பி அடைத்து வரும் கலேசியன் என்றோ தவறாக நினைப்பது சகஜம். ஊசி குத்தி எடுக்கும் சோதனையும் சில சமயம் புற்று என்று திசைதிருப்பிவிடும். முழுக் கட்டியையும் நுண்ணோக்கியில் பார்க்கும்போது, உட்கரு மறைந்து வெளிக்கோடு மட்டும் மிஞ்சிய 'நிழல் செல்கள்' தெரியும், அதுதான் உறுதி.

கட்டி பொதுவாகத் தானாகக் கரையாது. இமை மடிப்பை ஒட்டிக் கீறி, உறையோடு முழுதாக எடுக்கிறார்கள், தோல் ஒட்டியிருந்தால் அந்தத் துண்டையும் சேர்த்துத்தான். அப்படி எடுத்தால் மறுபடி வருவது அரிது. ஒரே ஆளுக்குப் பல கட்டிகள் வந்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது மயோடோனிக் டிஸ்ட்ரோபி என்ற தசைநோய் இருந்தாலோ மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள்.